வாரப் பட்டியல் பாதியில் நின்றது: மைஎஸ்கியூஎல் 5.7-லிருந்து 8.0-க்கு மாறியபோது ஸ்டோர்டு புரொசீஜர்களைச் சரிசெய்த பதிவு

இடம்: கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் பால் கொள்முதல் கடை. காலையில் பால் வந்து இறங்கும். எடை போட்டு, மாதிரி எடுத்து, டி.ஆர்.சி. பார்த்துச் சீட்டு கொடுப்பார்கள். டி.ஆர்.சி. என்பது 100 கிலோ பாலில் எத்தனை கிலோ உலர் ரப்பர் இருக்கிறது என்ற கணக்கு. பெரும்பாலும் 30-க்கும் 40-க்கும் இடையில் நிற்கும். பால் எடையை டி.ஆர்.சி.யால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் உலர் எடை. அதை அன்றைய விலையால் பெருக்கினால் தொகை. சீட்டுகள் எல்லாம் டேட்டாபேஸில் ஏறும். சனிக்கிழமை ஒரு பொத்தானைத் தட்டினால், டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்துவைத்த கட்டளைத் தொகுப்பான ஒரு புரொசீஜர் ஓடி, முன்பணத்தைக் கழித்து, ஆளுக்கு எவ்வளவு என்று வாரப் பட்டியல் தரும்.

பழைய கணினியில் விண்டோஸ், டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்கியூஎல் 5.7. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. புதிய கணினியில் உபுண்டு, மைஎஸ்கியூஎல் 8.0. டேபிள்கள் சிக்கல் இல்லாமல் வந்து சேர்ந்தன. புரொசீஜர்கள் வரவில்லை, வந்தவையும் சரியாக ஓடவில்லை. என்னென்ன எர்ரர் வந்தது, எதனால் வந்தது, எப்படிச் சரியானது என்பதை வந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

தொடங்கும் முன் செய்தது ஒன்றுதான்: பழைய கணினியை அணைக்காமல், அழிக்காமல் அப்படியே விட்டுவைத்தோம். ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான விடை ஒரு பக்கம் இருந்தால் மட்டுமே இந்த வேலையை நம்பிக்கையோடு செய்ய முடியும்.

டம்ப் எடுப்பதிலேயே மூன்று பிழை

முதல் எர்ரர் 1305: ‘புரொசீஜர் இல்லை’. காரணம் எளிது. டேட்டாபேஸை ஒரு கோப்பாக (டம்ப்) எடுத்துத்தரும் மைஎஸ்கியூஎல்டம்ப் தானாகவே டேபிள்களையும் டிரிகர்களையும் எடுக்கும். புரொசீஜர், ஃபங்ஷன் இரண்டையும் எடுக்காது. ‘--ரூட்டீன்ஸ்’ என்று சேர்த்துக் கொடுக்க வேண்டும். நேரம் வைத்து ஓடும் ஈவென்ட்கள் இருந்தால் ‘--ஈவென்ட்ஸ்’ம் தனியாக வேண்டும். இன்னொன்று, விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘>’ குறி போட்டு டம்ப்பைக் கோப்புக்கு அனுப்பினால் அது யூடிஎஃப்-16-ஆகப் பதிவாகும். அந்தக் கோப்பை மறுபடி ஏற்ற முடியாது. ‘--ரிசல்ட்-ஃபைல்’ கொடுத்து எழுதவைத்தால் தமிழ்ப் பெயர்கள் பத்திரமாக வரும்.

இரண்டாவது முறை ‘--ரூட்டீன்ஸ்’ போட்டு எடுத்த டம்ப்பை ஏற்றும்போது எர்ரர் 1231: எஸ்கியூஎல்_மோடுக்கு (தவறான மதிப்புகளைச் சர்வர் எவ்வளவு கண்டிப்போடு நடத்தும் என்பது போன்றவற்றைத் தீர்மானிக்கும் அமைப்பு) ‘நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர்’ என்ற மதிப்பைத் தர முடியாது. 5.7-இல் இந்த மதிப்பு இயல்பாகவே இருந்தது, 8.0-இல் அதை எடுத்துவிட்டார்கள். டம்ப் கோப்பில் ஒவ்வொரு புரொசீஜருக்கும் முன்னால், அது பிறந்தபோது இருந்த எஸ்கியூஎல்_மோடை மீட்டுவைக்கும் ஒரு ‘செட்’ வரி இருக்கும். அந்த வரியில்தான் ஏற்றம் நின்றது.

மூன்றாவது முறையில்தான் உண்மையான சேதம் நடந்தது. நிற்காமல் ஓடட்டும் என்று கடையில் ‘--ஃபோர்ஸ்’ போட்டு ஏற்றியிருந்தார்கள். திரையில் வந்த எர்ரர்களை யாரும் சேமித்துவைக்கவில்லை. பெரும்பாலான புரொசீஜர்கள் ஏறிவிட்டன. ‘கால்’ கட்டளை கொடுத்தால் ஓடவும் செய்தன. ஆனால் ‘செட்’ வரி தோற்றுப்போனால் எஸ்கியூஎல்_மோடு முன்பு இருந்த நிலையிலேயே நிற்கும். டம்ப் கோப்பின் தலைப்பில் அதை ‘நோ_ஆட்டோ_வேல்யூ_ஆன்_ஜீரோ’ என்ற ஒற்றை மதிப்புக்கு மாற்றிவைத்திருக்கும். ஆக, புதிய கணினியில் உருவான எல்லாப் புரொசீஜரும் ‘ஸ்ட்ரிக்ட்’ கண்டிப்பு இல்லாமல் பிறந்திருந்தன.

மைஎஸ்கியூஎல் ஒரு புரொசீஜரை உருவாக்கும்போது நடப்பில் இருக்கும் எஸ்கியூஎல்_மோடை அதோடு சேர்த்துப் பதிந்துவைக்கும். பிறகு யார் கூப்பிட்டாலும், சர்வரின் இன்றைய அமைப்பு என்னவாக இருந்தாலும், அந்தப் பழைய மோடில்தான் புரொசீஜரின் உடல் ஓடும். சர்வர் அமைப்பைத் திருத்தி, சர்வரை மறுபடி தொடங்கி, ‘ஸ்ட்ரிக்ட் போட்டாச்சு’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. புரொசீஜரை டிராப் செய்து, சரியான மோடில் மறுபடி உருவாக்க வேண்டும்.

இதன் விளைவு எப்படித் தெரிந்தது என்றால், அச்சான பட்டியலில் ஊர்ப் பெயர் ‘பேச்சிப்பாறை’ என்று வர வேண்டிய இடத்தில் ‘பேச்சிப்பா’ என்று வந்தது. ஊர் ஃபீல்டு வார்சார் 10, அதாவது அதிகபட்சம் 10 யூனிகோடு குறி. நம் கண்ணுக்குப் பேச்சிப்பாறை 6 எழுத்து. யூனிகோடில் பே, ச், சி, ப், பா, றை ஒவ்வொன்றும் ஒரு எழுத்தும் ஒரு குறியுமாக இரண்டிரண்டு, மொத்தம் 12. வார்சார் எண்ணுவது அந்த 12-ஐத்தான். 10-ஓடு வெட்டினால் ‘றை’ போய்விடும். கண்டிப்பான மோடாக இருந்தால் எர்ரர் 1406 ‘டேட்டா டூ லாங்’ வந்து வேலை நின்றிருக்கும். ஒரே நிமிடத்தில் காரணம் புரிந்திருக்கும். கண்டிப்பு இல்லாததால் வெறும் வார்னிங். பில் போடும் மென்பொருள் வார்னிங்கை யாருக்கும் காட்டுவதில்லை. தமிழ்ப் பெயருக்கு ஃபீல்டு அகலம் வைக்கும்போது கண்ணால் எண்ணிய எழுத்தைப் போல இரண்டு மடங்கு வைப்பது பாதுகாப்பு. அகஸ்தீஸ்வரம் 8 எழுத்து, யூனிகோடில் 12. விளவங்கோடு 6 எழுத்து, அங்கே 10.

இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. மோடு மாறுவது, கூப்பிட்டவர் தந்த மதிப்புகள் பாராமீட்டர்களில் ஏறிய பிறகுதான். எனவே புரொசீஜர் கண்டிப்பான மோடில் பிறந்திருந்தாலும், கூப்பிடும் கனெக்‌ஷன் கண்டிப்பு இல்லாமல் இருந்தால், பாராமீட்டருக்குள் நுழையும்போதே பெயர் வெட்டுப்பட்டுவிடும். உள்ளே ஃபீல்டு 60 அகலம் இருந்தும் பயனில்லை. பாராமீட்டரின் அகலத்தையும் ஃபீல்டின் அகலத்தையும் ஒன்றாக வையுங்கள்; கனெக்‌ஷனின் மோடையும் பாருங்கள்.

சரிசெய்த முறை: டம்ப் கோப்பில் ‘நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர்’ என்ற சொல்லை, அதோடு ஒட்டிய காற்புள்ளியையும் சேர்த்து, எல்லா இடத்திலும் நீக்கினோம். புதிய டேட்டாபேஸை முழுக்க டிராப் செய்து, ‘--ஃபோர்ஸ்’ இல்லாமல் ஏற்றினோம். எங்கே நிற்கிறதோ அங்கே சரிசெய்து, மறுபடி முதலிலிருந்து. நான்கைந்து முறை சுற்றினாலும் இதுதான் குறுக்கு வழி.

ஏறி முடிந்ததும் பார்த்த முதல் பட்டியல், இன்ஃபர்மேஷன்_ஸ்கீமாவில் ரூட்டீன்ஸ் என்ற வியூ. அதிலிருந்து ஐந்து ஃபீல்டுகள்: ரூட்டீன்_நேம், டெஃபைனர் (புரொசீஜர் எந்தக் கணக்கின் பெயரில் இருக்கிறது என்பது), செக்யூரிட்டி_டைப், எஸ்கியூஎல்_மோடு, டேட்டாபேஸ்_கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி). எல்லா வரியிலும் மோடு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு வரி மட்டும் வேறுபட்டிருந்தால் அந்தப் புரொசீஜர் வேறு நாளில், வேறு கருவி வழியாக உருவானது என்று பொருள். முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

ஏற்றம் நின்ற மற்ற இடங்கள்

எர்ரர் 1064 (கட்டளையின் இலக்கணப் பிழை), ‘ரேங்க்’ என்ற சொல்லுக்கு அருகில். ரப்பர் ஷீட்டுகளுக்கான டேபிளில் தர வரிசை ஃபீல்டுக்கு ‘ரேங்க்’ என்று பெயர். 8.0-இல் விண்டோ ஃபங்ஷன்கள் வந்தபோது அது ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டது. ‘குரூப்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘லீட்’, ‘லேக்’, ‘ரோ_நம்பர்’ எல்லாம் அதே வகை. டேபிள் மட்டும் ஏன் சிக்கலின்றி ஏறியது? டேபிள் வரையறையில் டம்ப் தானாகவே பெயர்களைப் பேக்டிக் (`) குறிக்குள் போடும். புரொசீஜரின் உடலை எழுதியவர் எழுதியபடியே எடுத்துவைக்கும். உடலுக்குள் போய் ‘ரேங்க்’ வரும் இடமெல்லாம் பேக்டிக் போட்டால் சரி. மைஎஸ்கியூஎல் ஷெல்லில் ‘செக்ஃபார்சர்வர்அப்கிரேட்’ என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. பழைய சர்வரிலேயே அதை ஓட்டினால் இப்படிப்பட்ட புரொசீஜர்களை முன்கூட்டியே சொல்லிவிடும்.

எர்ரர் 1418. உலர் எடை கணக்கிடும் ஃபங்ஷன் உருவாக மறுத்தது. 8.0-இல் பைனரி லாக் (டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களின் பதிவேடு) இயல்பாகவே இயங்கும், 5.7-இல் இயல்பில் கிடையாது. லாக் இயங்கும்போது, ஃபங்ஷன் எப்படிப்பட்டது என்று அறிவிப்பில் சொல்லியாக வேண்டும். தந்த மதிப்புகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் ஃபங்ஷனுக்கு ‘டிடெர்மினிஸ்டிக்’, ‘நோ எஸ்கியூஎல்’. விலை டேபிளைப் பார்த்துச் சொல்லும் ஃபங்ஷனுக்கு ‘ரீட்ஸ் எஸ்கியூஎல் டேட்டா’. எர்ரரை அடக்குவதற்காக விலை பார்க்கும் ஃபங்ஷனுக்கும் ‘டிடெர்மினிஸ்டிக்’ போட்டுவிடாதீர்கள். நாளை விலை மாறினால் விடை மாறும், அதை மாறாதது என்று சர்வரிடம் சொல்வது பொய்.

எர்ரர் 1449: டெஃபைனராகக் குறித்த யூசர் இல்லை. இது உருவாக்கும்போது வராது, கூப்பிடும்போதுதான் வரும். பழைய கணினியில் எல்லாப் புரொசீஜரும் ‘ரூட், எந்தக் கணினியிலிருந்தும்’ என்ற கணக்கின் பெயரில் இருந்தன. புதியதில் ‘ரூட், லோக்கல்ஹோஸ்ட்’ மட்டுமே உண்டு. இதற்குப் பழைய குறிப்புகள் ‘மைஎஸ்கியூஎல்.புராக்’ டேபிளில் டெஃபைனரை அப்டேட் செய்யச் சொல்லும், 8.0-இல் அந்த டேபிளே இல்லை, முயன்றால் 1146 வரும். எல்லாக் கணினிக்கும் திறந்த ரூட் கணக்கை மறுபடி உருவாக்குவது வாசல் கதவைக் கழற்றிவைப்பதற்குச் சமம். நாங்கள் புரொசீஜர்களுக்கென்றே தனிக் கணக்கு ஒன்றை ‘அக்கவுண்ட் லாக்’ போட்டு உருவாக்கி, அந்த டேட்டாபேஸில் மட்டும் தேவையான உரிமைகளைத் தந்து, டம்ப்பில் டெஃபைனரை அந்தப் பெயருக்கு மாற்றினோம். பூட்டிய கணக்கில் யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் அதன் பெயரில் இருக்கும் புரொசீஜர்கள் தடையில்லாமல் ஓடும்.

அடுத்து 1370: பில் போடும் யூசருக்கு ஓட்டும் உரிமை இல்லை. ‘கிராண்ட் எக்ஸிக்யூட்’ கொடுத்தால் தீரும். புரொசீஜர் வாரியாகக் கொடுத்த உரிமை, அந்தப் புரொசீஜரை டிராப் செய்யும்போது போய்விடும். திருத்தத் திருத்த இதே எர்ரர் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். திருத்தும் காலம் முடியும்வரை டேட்டாபேஸ் அளவிலேயே உரிமை தந்துவைத்தால் அலைச்சல் குறையும்.

1146, டேபிள் இல்லை: விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காது; லினக்ஸில் பார்க்கும். விண்டோஸ் டேபிள் பெயர்களைச் சின்ன எழுத்தாகவே சேமித்திருந்தது. புரொசீஜருக்குள் எழுதியவர் முதலெழுத்தைப் பெரிதாக எழுதியிருந்தார். உருவாக்கும்போது உள்ளே இருக்கும் டேபிள் உண்டா என்று சர்வர் பார்ப்பதில்லை, எனவே கூப்பிடும் நாள் வரை தெரியாது. ‘லோயர்_கேஸ்_டேபிள்_நேம்ஸ்’ அமைப்பை 8.0-இல் முதல் நிறுவலின்போது மட்டுமே வைக்க முடியும், பிறகு மாற்ற முடியாது. புரொசீஜருக்குள் பெயரைத் திருத்துவதே நல்லது.

1267, கொலேஷன் கலப்பு. டேபிள்கள் ‘யூடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ’, 8.0-இல் புதிதாக உருவாக்கிய டேட்டாபேஸ் இயல்பில் ‘யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ’. புரொசீஜரின் எழுத்துப் பாராமீட்டர்கள், உருவான நேரத்தில் டேட்டாபேஸுக்கு இருந்த கொலேஷனை எடுத்துக்கொள்ளும். ஊர்ப் பெயரை ஃபீல்டோடு ஒப்பிடும் வரியில் இரண்டும் மோதின. டேட்டாபேஸை ‘ஆல்டர்’ செய்து பழைய கொலேஷனுக்குக் கொண்டுவந்தால் பாதி வேலைதான் முடியும்; ஏற்கெனவே உருவான புரொசீஜர், தான் உருவான நேரத்துக் கொலேஷனோடுதான் இருக்கும். ஆல்டர், பிறகு டிராப், பிறகு மறுபடி உருவாக்கம். ஒப்பிடும் வரி ஒவ்வொன்றிலும் ‘கொலேட்’ என்று ஒட்டுப்போடுவதை நாங்கள் செய்யவில்லை. ஒன்றை மறந்தாலும் சிக்கல் திரும்பும்.

புரொசீஜரை மென்பொருள் வழியாகவே உருவாக்க முயன்று ‘டெலிமிட்டர்’ வரியில் 1064 வாங்குகிறவர்கள் நிறைய. டெலிமிட்டர் என்பது மைஎஸ்கியூஎல் கிளையன்ட்டுக்குச் சொல்லும் கட்டளை. சர்வருக்கு அது தெரியாது. பிஎச்பி, பைத்தான் வழியாக அனுப்பும்போது அந்த வரியை நீக்கிவிட்டு உடலை ஒரே கட்டளையாக அனுப்ப வேண்டும். கூப்பிட்ட பிறகு 2014 ‘கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்’ வந்தால், புரொசீஜர் தந்த விடைத் தொகுதிகளில் ஏதோ ஒன்றை இன்னும் படித்து முடிக்கவில்லை என்று அர்த்தம். கடைசித் தொகுதிக்குப் பின்னால் நிலையைச் சொல்லும் ஒன்றும் வரும், அதையும் வாங்கிவிட வேண்டும்.

எர்ரரே வராத மூன்று பிழை

எண்ணோடு வரும் எர்ரரைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. மேலே சொன்ன அத்தனையும் ஒரே நாளில் முடிந்தன. கீழே இருப்பவைதான் நேரம் தின்றன. இவற்றில்தான் பால் ஊற்றுகிறவர்களின் பணம் இருக்கிறது.

முதலாவது, பட்டியல் பாதியில் நிற்பது. புரொசீஜர் ஒரு கர்சரைத் திறந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தத் தேதியின் விலையை ‘செலக்ட் இன்டு’ மூலம் பார்த்துக் கணக்குப் போடுகிறது. கர்சர் முடிந்ததை அறிய ‘நாட் ஃபவுண்ட்’ ஹேண்ட்லர் (எடுக்க ஒன்றும் இல்லாதபோது தானாக ஓடும் கட்டளை), ‘முடிந்தது = 1’ என்று வைக்கிறது. சுழற்சியில் ‘ஃபெட்ச்’ முடிந்த உடனே, முடிந்ததா என்று பார்க்கிறது. படித்துப்பார்த்தால் குறையே தெரியாது.

ரப்பர் விலையைக் கோட்டயம் சந்தையை ஒட்டி ரப்பர் வாரியம் வெளியிடுகிறது. கடை அதைப் பார்த்துத் தன் விலையை ஏற்றும். விடுமுறை நாளில் விலை டேபிளில் அந்தத் தேதிக்கான வரி (ரோ) இருக்காது, பால் இருக்கும். அந்த நாளின் சீட்டு வரும்போது விலை பார்க்கும் ‘செலக்ட் இன்டு’வுக்கு வரி கிடைக்கவில்லை. அதுவும் ‘நாட் ஃபவுண்ட்’தான்! கர்சருக்காக வைத்த ஹேண்ட்லர் அங்கே எழுந்து, முடிந்தது என்று கொடி போட்டுவிடுகிறது. இரண்டு தவறு ஒரே நேரத்தில் நடக்கும். வரி கிடைக்காதபோது விலைக்கான மாறி (வேரியபிள்) காலியாகாது, முந்தைய சீட்டின் விலையையே வைத்திருக்கும். அதனால் இந்தச் சீட்டுக்கு வேறொரு நாளின் விலை. அடுத்த ஃபெட்ச் ஒழுங்காக நடக்கும், ஆனால் கொடி ஏற்கெனவே 1, எனவே சுழற்சி வெளியேறும். அதற்குப் பிறகு வரும் எல்லாருடைய கணக்கும் பட்டியலிலேயே இல்லை. எர்ரர் இல்லை, வார்னிங் இல்லை, பட்டியல் அழகாக அச்சாகும்.

பழைய கணினியில் இது வராததற்குக் காரணம், அங்கே விடுமுறை நாளுக்கும் முந்தைய விலையை நிரப்பிவைக்க ஒரு ஈவென்ட் ஓடிக்கொண்டிருந்தது. டம்ப்பில் ‘--ஈவென்ட்ஸ்’ போடாததால் அது வரவில்லை.

ஈவென்ட்டை ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை, புரொசீஜரையே திருத்தினோம். ‘செலக்ட் இன்டு’வுக்குப் பதில் ‘செட் வி_விலை = (செலக்ட் ...)’ என்று அடைப்புக்குள் எழுதினால், வரி இல்லாதபோது ‘நல்’ (மதிப்பு இல்லை) வரும், நாட் ஃபவுண்ட் எழாது. உள்ளே கேட்பதும் அந்தத் தேதியின் விலையை அல்ல. அந்தத் தேதிக்கோ அதற்கு முன்போ உள்ள விலைகளில் கடைசியானதை, தேதியை இறங்குவரிசையில் அடுக்கி, ‘லிமிட் 1’. அதற்கும் நல் வந்தால் ‘சிக்னல் எஸ்கியூஎல்ஸ்டேட் 45000’ மூலம் ‘இந்தத் தேதிக்கு விலை இல்லை’ என்று நாமே எர்ரர் எழுப்ப வேண்டும். வேறு வழியாக, செலக்டைத் தனி பிகின்-எண்ட் கட்டுக்குள் போட்டு அதற்கென்று சொந்த ஹேண்ட்லரும் வைக்கலாம். உண்மையில் இந்தப் புரொசீஜருக்குக் கர்சரே தேவையில்லை. ஒரே ‘இன்சர்ட் செலக்ட்’ போதும். அப்படி மாற்றும்போது விலை டேபிளை ‘லெஃப்ட் ஜாயின்’ செய்யுங்கள். சாதாரண ஜாயினில் விலை இல்லாத சீட்டு சத்தமில்லாமல் கழன்றுவிடும். பழைய பிழை புதிய உருவில் வந்து நிற்கும்.

இரண்டாவது, டெசிமல். டம்ப்பில் தொலைந்த ‘சீட்டு சேர்’ புரொசீஜரைக் கடையில் யாரோ கையால் மறுபடி எழுதியிருந்தார்கள். பால் எடை பாராமீட்டரை வெறும் ‘டெசிமல்’ என்று அறிவித்திருந்தார்கள். அளவு சொல்லாவிட்டால் அது டெசிமல் (10,0). புள்ளிக்குப் பின் ஒன்றும் இல்லை. 38.5 கிலோ 39 ஆகும், 38.4 கிலோ 38 ஆகும். டி.ஆர்.சி. 33, விலை 170 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 38.4 கிலோவுக்கு உலர் எடை 12.672, தொகை 2154.24 ரூபாய். 38 என்று ஏறினால் 2131.80. ஒரே சீட்டில் 22.44 ரூபாய் பால் ஊற்றியவருக்கு நஷ்டம். 38.5 என்றால் கடைக்கு 28.05 நஷ்டம். கண்டிப்பான மோடிலும் இதற்கு எர்ரர் கிடையாது. பின்னம் ரவுண்டாக்கப்படுவதை மைஎஸ்கியூஎல் வெறும் குறிப்பாகத்தான் எழுதும். எடைக்கு டெசிமல் (8,3), டி.ஆர்.சி.க்கு (5,2), தொகைக்கு (12,2) என்று வைத்தோம். ஃப்ளோட் எங்கேயும் வேண்டாம்.

ரவுண்டாக்குவது கடைசியில் ஒரே ஒரு முறை. 38.5 கிலோவின் உலர் எடை 12.705. இதை இடையில் 12.71 என்று சேமித்துவிட்டு விலையால் பெருக்கினால் 2160.70; நேராகப் பெருக்கினால் 2159.85. 85 காசு சின்னதுதான். ஆனால் கையில் கால்குலேட்டரோடு வந்து நிற்கிறவருக்குக் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் கடையின் மற்றக் கணக்கையும் நம்பமாட்டார்.

மூன்றாவது மிக ஆபத்தானது: மாறிக்கும் ஃபீல்டுக்கும் ஒரே பெயர். முன்பணம் கழிக்கும் புரொசீஜரின் பாராமீட்டர் ‘உறுப்பினர்_எண்’. டேபிளின் ஃபீல்டும் ‘உறுப்பினர்_எண்’. ‘வேர் உறுப்பினர்_எண் = உறுப்பினர்_எண்’ என்று எழுதினால், இரண்டு பக்கமும் மாறியைத்தான் மைஎஸ்கியூஎல் எடுக்கும்; புரொசீஜருக்குள் மாறிக்கே முன்னுரிமை. ஒரு எண் தனக்குத் தானே சமம்; எப்போதும் உண்மை. ஒருவருடைய முன்பணத்தைக் கழிக்கப்போய் எல்லாருடையதும் கழிந்துவிடும். பாராமீட்டருக்கெல்லாம் முன்னால் ‘பி_’, உள்மாறிக்கெல்லாம் ‘வி_’ போடுவதை விதியாகவே வையுங்கள். பழைய புரொசீஜர் எதைத் தொட்டாலும் முதலில் பாராமீட்டர் பெயர்களை டேபிளின் ஃபீல்டு பெயர்களோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு சொல். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ரப்பர் பால் வெட்டு நடக்காத நாட்கள் வரும். வார சராசரி டி.ஆர்.சி.க்காக மொத்த எடையால் வகுக்கும் வரியில், எடை பூஜ்யமாக இருந்தால் கண்டிப்பான மோடில் இன்சர்ட்டின்போது 1365, கண்டிப்பு இல்லாவிட்டால் நல். வகுக்கும் எண்ணை ‘நல்இஃப்’புக்குள் வைத்து, விடை நல் என்றால் என்ன அச்சிட வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எர்ரரை விழுங்கும் ஹேண்ட்லர்

பட்டியல் புரொசீஜரில் இருந்த ஹேண்ட்லர் ஒரே வரி: எஸ்கியூஎல்எக்ஸெப்ஷன் வந்தால் ரோல்பேக். எது வந்தாலும் எல்லாவற்றையும் திருப்பிவிட்டு, வெற்றிகரமாக முடிந்ததாகச் சொல்லி வெளியேறும். பொத்தானைத் தட்டியவருக்கு வெறும் பட்டியல். மாற்றி எழுதியது இது:

டிக்ளேர் எக்ஸிட் ஹேண்ட்லர் ஃபார் எஸ்கியூஎல்எக்ஸெப்ஷன்
பிகின்
  கெட் டயக்னாஸ்டிக்ஸ் கண்டிஷன் 1
    வி_எண் = மைஎஸ்கியூஎல்_எர்ர்நோ,
    வி_செய்தி = மெசேஜ்_டெக்ஸ்ட்;
  ரோல்பேக்;
  இன்சர்ட் இன்டு பிழை_பதிவு (நேரம், படி, எண், செய்தி)
    வேல்யூஸ் (நௌ(), வி_படி, வி_எண், வி_செய்தி);
  ரீசிக்னல்;
எண்ட்;

வரிசை முக்கியம். கெட் டயக்னாஸ்டிக்ஸ் முதலில் வர வேண்டும். ரோல்பேக்குக்குப் பிறகுதான் பதிவு; முன்னால் எழுதினால் பதிவும் சேர்ந்து அழியும். கடைசியில் ரீசிக்னல் இருந்தால் மூல எர்ரர் மாறாமல் மென்பொருளுக்குப் போய்ச் சேரும். ‘வி_படி’ என்பது சாதாரண எழுத்து மாறி. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ‘விலை பார்த்தல்’, ‘முன்பணம் கழித்தல்’ என்று அதில் எழுதிக்கொண்டே போனால், எர்ரர் வரும்போது எந்தக் கட்டம் என்று தேட வேண்டியதில்லை. அறிவிப்புகளின் வரிசை: மாறிகள், பிறகு கர்சர்கள், பிறகு ஹேண்ட்லர்கள். மாறினால் 1337 அல்லது 1338.

ரோல்பேக் வேலை செய்ய இரண்டு நிபந்தனை. புரொசீஜரின் தொடக்கத்தில் ‘ஸ்டார்ட் டிரான்ஸாக்‌ஷன்’ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் பதிந்துவிடும், மின்சாரம் பாதியில் போனால் பட்டியலும் பாதியில் பதிந்து நிற்கும். இரண்டாவது, எல்லா டேபிளும் ரோல்பேக்கை ஏற்கும் இன்னோடிபி வகையாக இருக்க வேண்டும். இங்கே முன்பண டேபிள் மட்டும் மைஐசம். ரோல்பேக் அதைத் தொடவே இல்லை, 1196 வார்னிங் மட்டும் வந்தது. ‘ஆல்டர் டேபிள் ... என்ஜின் = இன்னோடிபி’ போட்டு மாற்றினோம்.

பூட்டுச் சிக்கல்

1205-உம் 1213-உம் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. 1213 டெட்லாக் (இரண்டு வேலைகள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்து நிற்பது), டிரான்ஸாக்‌ஷன் முழுவதும் திரும்பிவிடும், முதலிலிருந்து மறுபடி ஓட்டலாம். 1205 காத்திருப்பு நேரம் முடிவது, இயல்பில் 50 வினாடி; இதில் அந்த ஒரு கட்டளை மட்டுமே திரும்பும், முன்னால் செய்தவை முடிவாகாமல் தொங்கிக்கொண்டிருக்கும். 1205-ஐப் பிடித்துக்கொண்டு ‘கன்டினியூ’ ஹேண்ட்லர் வழியே தொடர்ந்து ஓடுவது அரைகுறைப் பட்டியலில் கொண்டுபோய் விடும்.

இங்கே 1205-க்குக் காரணம் உள்ளறைக் கணினியில் ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளையையும் உடனே முடிவாக்குவது) அணைத்துத் திறந்தபடி விட்ட ஒரு வொர்க்பெஞ்ச் ஜன்னல். ‘சிஸ்’ ஸ்கீமாவில் ‘இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ்’ வியூவைப் பார்த்தால் யார் யாரைத் தடுக்கிறார் என்பதும், தடுக்கும் கனெக்‌ஷனை நிறுத்தத் தேவையான கட்டளையும் கிடைக்கும். 1213-க்குக் காரணம், சீட்டுப் புரொசீஜர் இருப்பை முதலிலும் முன்பணத்தைப் பிறகும், பட்டியல் புரொசீஜர் முன்பணத்தை முதலிலும் இருப்பைப் பிறகும் தொட்டது. இரண்டையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்ததும் நின்றது.

ஒப்பிட்ட முறை

பழைய கணினியில் முடிந்துபோன ஒரு வாரத்தை, நடுவில் விடுமுறை நாள் வரும் வாரமாகப் பார்த்து எடுத்தோம். அதன் பட்டியலைத் தனி டேபிளாகப் புதிய சர்வருக்குக் கொண்டுவந்து, அதே சீட்டுகளைப் புதிய புரொசீஜரில் ஓட்டினோம். மொத்தத் தொகை ஒத்துப்போவதை மட்டும் பார்த்தால் போதாது. ஒருவருக்குக் கூடியது இன்னொருவருக்குக் குறைந்து சமமாகிவிடலாம். உறுப்பினர் எண்ணில் லெஃப்ட் ஜாயின் போட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் தனித்தனியாக ஓட்டி, தொகை வேறுபடும் வரியையும் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் பெயரையும் எடுத்தோம். முதல் ஓட்டத்தில் விடுமுறை நாளுக்குப் பின் வந்த பெயர்கள் எல்லாம் ஒரு பக்கம் மட்டுமே நின்றன. கர்சர் பிழை அகப்பட்டது இப்படித்தான். திருத்தியபின் இரண்டு பக்கத்திலும் வரி எதுவும் வரவில்லை. அதன் பிறகும் இரண்டு சனிக்கிழமை, பட்டுவாடாவுக்கு முன்னால் இதே ஒப்பீட்டைப் பழைய கணினியில் அதே சீட்டுகளை ஏற்றி ஓட்டிப்பார்த்துவிட்டுத்தான் அதன் மின்கம்பியைக் கழற்றினோம்.